விசாக் கல்

அந்தக் கல் பெஞ்சில் உட்கார்ந்து, தலைமாட்டில் செதுக்கியிருக்கும் விளக்கை மூன்று தடவை தடவிவிட்டு எழுந்தால் மூன்று மாதத்துக்குள் அமெரிக்க விசா வந்துவிடுமாம். மூன்றாவது மாடியில் வேலை பார்த்த ஒரு பெண் அப்படித் தடவினாளாம். பதினோராம் நாளே சென்னைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். அந்தப் பெண்ணைப் பார்த்தவர் யாருமில்லை. லிஃப்டுக்காரர் கேன்டீனில் தட்டுக் கழுவும் அம்மாளிடம் சொல்லி, அந்த அம்மாள் மமதாவிடம் சொல்லி, மமதா மர்பி டவுன் வீட்டில் இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே மாமனாரிடம் சொன்னாள்.

இரண்டாயிரமாவது ஆண்டு, மார்ச் மாதம். விசா தராத சாமிக்குப் பெங்களூரில் மவுசு குறைந்துகொண்டிருந்த காலம். அதனால் மாமனார் பச்சைமுத்து முதலில் சிரிக்கத்தான் செய்தார். மமதா ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அங்கே நடக்கும் கூத்துகளைக் காலையில் அவள் வாயால் கேட்பது, ஓய்வு பெற்ற மனிதருக்குப் பேப்பர் படிப்பதைவிடச் சுவாரஸ்யமாக இருந்தது.

“தேய்ச்சா பூதம் வர்ற விளக்குன்னு நெனச்சுக்கிட்டாங்களா?” என்றார்.

“அப்படித்தான் மாமா. ஆனா இது மூக்கு வச்ச விளக்கு இல்ல. மேல வளைவு மாதிரி ஒண்ணு. அதுலேர்ந்து சங்கிலி கட்டித் தொங்குது. பெஞ்சு நல்ல கறுப்புக் கல்லு, ஆள் நீளம். மேல வழவழன்னு சிலேட்டு மாதிரி சட்டம் போட்டிருக்கு.”

பச்சைமுத்து கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். சங்கிலி எத்தனை என்று கேட்டார். மூன்று என்றாள். நடுச் சங்கிலியில் ஒரு கண்ணி உடைந்திருக்கிறதா என்று கேட்டார். மமதா கரண்டியை நிறுத்தி யோசித்தாள். ஆமாம், நடுவில் ஒரு சில்லுப் பெயர்ந்திருக்கிறது. மாமாவுக்கு அது எப்படித் தெரியும்?

அவர் இட்லி வேகும் வரை உட்காரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, அல்சூர் பக்கம் போய்ப் பீன்யாவுக்குப் பஸ் பிடித்தார்.

பச்சைமுத்துவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை என்றுதான் அவருடைய ஆபீஸில் எவரும் சொல்வார்கள். முப்பத்துமூன்று வருஷம் கல்வெட்டு ஆபீஸில் அட்டெண்டராக இருந்தார். சேர்ந்தபோது தண்ணீர் சுமக்கிற தினக்கூலி. ஓய்வு பெற்றபோது, தென்னாட்டில் மழையும் வெயிலும் தின்று மிச்சம் வைத்த எந்தக் கல்லிலிருந்தும் எழுத்தைக் காகிதத்தில் இறக்கிவிடக்கூடிய கை. கல்லைக் கழுவி, கெட்டியான காகிதத்தை ஊறவைத்து அதன்மேல் போர்த்தி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் காகிதத்தை இறக்க வேண்டும். அது பாதி காய்ந்து வரும் பதம் பார்த்து, மை தொட்ட துணிப்பந்தால் மெல்ல ஒற்ற வேண்டும். பள்ளத்துக்குள் போன எழுத்து வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் கறுப்பாகும். இதற்கு மைப்படி என்று பெயர். அதைப் படித்துப் புத்தகம் எழுதியவர்களுக்குப் பட்டமும் சால்வையும் கிடைத்தன. பச்சைமுத்துவின் நகக்கண்ணில் மை கிடைத்தது. அது குறித்து அவருக்குப் பெரிய வருத்தமும் கிடையாது. கன்னடக் கல், தமிழ்க் கல், பாரசீகக் கல் எல்லாம் அவர் கைக்கு ஒன்றுதான். பாரசீகம் படிக்கத் தெரியாது. ஆனால் வரி வலப்பக்கம் தொடங்கும், நெட்டெழுத்துகள் ஈட்டி நட்டதுபோல் நிற்கும் என்பது விரல்நுனிக்குத் தெரியும்.

அவருக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில்தான். கல்லை அலட்சியமாகத் தொட்டால் வரும். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவர் யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. அவருக்குப் பத்தொன்பது வயதில் அம்மா இறந்தாள். அவர்கள் ஜனத்துக்கென்று ஒதுக்கியிருந்த நிலத்தில் புதைத்தார்கள். அப்பா புத்த தர்மத்துக்கு வந்தவர். படையல் வேண்டாம், கல் வேண்டாம் என்றார். கல் வைக்க விட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். ஒரு சவுக்குக் குச்சி நட்டார்கள். ஆறு வருஷம் கழித்து அந்த நிலத்தைச் சமமாக்கி யாரோ கிடங்கு கட்டினார்கள். கிடங்கின் எந்த மூலைக்குக் கீழே அம்மா கிடக்கிறாள் என்பது இன்றுவரை தெரியாது.

பீன்யா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு அம்மா நினைவு வரவில்லை. தொண்ணூற்றிரண்டாம் வருஷம்தான் வந்தது.

அந்த வருஷம் பீன்யா தொழிற்பேட்டை முடிகிற இடத்தில், தூர்ந்துபோன ஏரிக்கரையில், ஒரு பழைய கபரஸ்தானில் அவர்கள் வேலை செய்தார்கள். நாற்பத்தோரு கல். பழங்காலத்துப் படைக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் புதைந்த இடம். அதைப் பார்த்துக்கொண்டவள் ஷம்ஷாத் பீ என்ற விதவை. பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தாள். வியாழக்கிழமை தோறும் எல்லாக் கல்லுக்கும் பெருக்கித் தண்ணீர் தெளித்து, நாலைந்துக்கு மட்டும் எண்ணெய் விளக்கு வைப்பாள். பச்சைமுத்து அவளை ஆப்பா என்று கூப்பிட்டார். அவள் வீட்டில் அக்காவுக்கு அதுதான் சொல். அவள் அவரை அண்ணா என்றாள். யார் மூத்தவர் என்று இருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

முதல் நாளே அவள் வந்து அவர் பிரஷ்ஷைக் காட்டி, “இது எந்த ஜான்வர் முடி அண்ணா?” என்று கேட்டாள்.

பச்சைமுத்து பொய் சொல்ல நினைத்து, முடியாமல், பன்றி முடி என்றார். அவள் கத்தவில்லை. பக்கத்திலிருந்த கல்லின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, “இவங்க மேல வேணாம்” என்றாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பச்சைமுத்து சிவாஜிநகர் ஜட்கா ஸ்டாண்டுக்குப் போய், ஒரு குதிரையின் வாலிலிருந்து முடி வாங்கி, தன் கையால் ஒரு பிரஷ் கட்டினார். அந்தப் பிரஷ்ஷை அதற்குப் பிறகு பாரசீகக் கற்களுக்கு மட்டுமே எடுத்தார்.

நாற்பது கல்லுக்குப் படியெடுத்தாகிவிட்டது. நாற்பத்தோராவது கல் கழுத்துவரை மண்ணில் புதைந்து, மேல்பக்கம் மட்டும் தெரிந்தது. சிலேட்டுப் போலச் சட்டம், உள்ளே வழவழப்பு, தலைமாட்டில் மூன்று சங்கிலி விளக்கு. எழுத்து ஒன்றுகூட இல்லை. ஓரமாக ஒரு முழம் மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் எந்தக் கல்லையும் ஊமை என்று சொல்லக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுக்கிற விதி அது. ஆனால் மணி மூன்றரை, நாலு மணிக்கு ஜீப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். அதிகாரி சுந்தரேசன் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, இது என்ன பச்சைமுத்து என்று ஜீப்பிலிருந்தே கேட்டார். “தனிப் பலகைக் கல்லு சார், எழுத்து இல்ல” என்று பச்சைமுத்து சொன்னார். சுந்தரேசன் அதையே இங்கிலீஷில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள், மறந்துவிட்ட வாளியை எடுக்க வந்தபோதுதான் ஷம்ஷாத் பீ அவரைக் கல் கல்லாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். முதுகு தூக்கி, நடுவில் நீளமாக ஒரு பெட்டி உட்கார்ந்தாற்போல் இருந்தால் அது ஆண். அந்தப் பெட்டிக்குக் ‘கலம்தான்’ என்று பெயர், அதாவது பேனாப் பெட்டி. பட்டையாகச் சிலேட்டு வைத்திருந்தால் பெண். விளக்கு எதற்கென்று அவர் கேட்டார். உள்ளே இருட்டு இல்லையா, அதற்கு என்றாள். பெரிய மனிதர்கள் வந்து பார்க்கும்போது, ஆண் பேனா, பெண் பலகை, அவன் எழுதுவான், இவள் வாங்கிக்கொள்வாள் என்று விளக்கம் சொல்லிச் சிரிப்பார்களாம்.

“எங்க வூட்டுக்காரர்கூட இருபத்தெட்டு வருஷம் எழுதிப் பாத்தார் அண்ணா. ஒரு எழுத்து நிக்கல” என்றாள்.

பச்சைமுத்துவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவருக்கு பஸ்ஸில் ஏறிய பிறகு உறைத்தது. நாற்பத்தோராவது தனிப் பலகைக் கல் அல்ல. ஒரு பெண்ணின் கபர். ஆபீஸுக்குப் போனதும் சுந்தரேசனிடம் சொன்னார். லிஸ்ட் டைப்பாகிப் போய்விட்டது, அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். பச்சைமுத்து சரி என்றார். அடுத்த முறை என்று ஒன்று வரவேயில்லை. இவரும் மறுபடி வாய் திறக்கவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று எட்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கிய மனிதர், இப்போது பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

கபரஸ்தானில் நாற்பது கல் இருந்தது. நாற்பத்தோராவது இருந்த இடத்தில் ஆள் நீளத்துக்குக் குழி. நாய் இறங்காதபடி சுற்றிலும் கருவேல முள் அடைத்திருந்தது. ஷம்ஷாத் பீ அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுபதைத் தாண்டியிருப்பாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

தீபாவளிக்கு முன் வாரம் கிரேன் வந்ததாம். பக்கத்து நிலத்தைச் சமப்படுத்துகிறவர்கள், கம்பெனித் தோட்டத்துக்குப் பழைய கல் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனார்களாம். அவள் கிரேனுக்கு முன்னால் போய் நின்றாளாம். அவர்கள் ஒரு காகிதத்தைக் காட்டினார்களாம். தாலுகா ஆபீஸுக்குப் போனாள், அங்கே குமாஸ்தாவும் அதே காகிதத்தின் நகலைத்தான் காட்டினார். ஜமாத்தில் கேட்டாள், அவர்களும் வேறு காகிதம் இருந்தால் கொண்டுவா என்றார்கள். நாற்பது கபர், தனிப் பலகைக் கல் ஒன்று, எழுத்தில்லாதது. அரசாங்கக் கல்வெட்டு ஆபீஸே எழுதிக் கொடுத்திருக்கிறது, கிழவி என்ன பேசுகிறாள்?

“கிரேன் சும்மா வந்துச்சு அண்ணா. அவளைத் தூக்கிட்டுப் போனது உன் காகிதம்” என்றாள்.

பச்சைமுத்து குழியை எட்டிப் பார்த்தார்.

பிறகு அவள் சொன்னதுதான் அவரை உட்காரவே விடாமல் செய்தது. கிரேன் கல்லைத் தூக்கியபோது பக்கங்களிலிருந்து மண் உதிர்ந்தது. நாலு பக்கமும் எழுத்து. கொடியும் பூவும் ஓடுகிற ஓரத்துக்கு நடுவே வரிவரியாக எழுத்து. தலைப்பக்கம் பிஸ்மில்லா இருந்தது, அது அவளுக்குத் தெரியும். மீதி குர்ஆன் எழுத்தாகத் தோன்றவில்லை, வேறு பாஷை.

“அவ பேரு அதுல இருக்கும். நாப்பது வருஷமா விளக்கு வச்சேன், பேரு தெரியாமலே வச்சேன். தெரியவேண்டிய அன்னிக்கு அந்தரத்துல தொங்கிட்டுப் போச்சு.”

கல் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என்று பச்சைமுத்து சொன்னார். எழுத்தைப் படியெடுத்துக் கொண்டுவந்துவிடுவேன், வடக்கே பாரசீகம் படிக்கிறவர்களுக்கு அனுப்பிப் பெயரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

“காகிதம் எதுக்கு? காகிதம்தான் பாத்தாச்சே. அவ வரணும்” என்றாள் ஷம்ஷாத் பீ. அவளையும் ஒயிட்ஃபீல்டுக்குக் கூப்பிட்டார். இங்கிருந்து அசைந்தால் குழியை மூடிவிடுவார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவருக்கு மமதா இன்னொரு சேதி வைத்திருந்தாள். விசாக் கல்லைச் சுற்றிக் கூட்டம் கூடுவது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லையாம். அதோடு எச்.ஆரில் ஒரு பெண்ணின் சில்க் சுடிதார் விளக்கில் மாட்டி நூல் பிரிந்துவிட்டதாம். சனிக்கிழமை ஆபீஸ் லீவு. அன்றைக்கு மெஷின் கொண்டுவந்து கல்லைச் சுற்றிலும் தேய்த்துக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, கம்பெனி பெயரைப் பொறிக்கப் போகிறார்களாம்.

“விளக்கையுமா?”

“விளக்கைத்தான் மாமா முதல்ல.”

அன்று செவ்வாய். பச்சைமுத்து அந்த நிமிஷமே மல்லேஸ்வரம் கிளம்பினார். சுந்தரேசன் இப்போது பெரிய அதிகாரி. ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் பச்சைமுத்துவுக்கு எரிச்சலை மூட்டியது. வீடு பற்றி எரிகிறது என்று ஓடிவந்து சொல்கிறவனிடம், எந்தத் தெரு என்று கேட்பதுபோல் இருந்தது.

தான் மறுநாளே ஆபீஸில் சொன்னதை நினைவுபடுத்தினார். சுந்தரேசனுக்கு அது நினைவில்லை. இருக்கலாம் என்றார்.

“நீ சொல்றது வாஸ்தவமாவே இருக்கட்டும், பச்சைமுத்து. லிஸ்ட்ல எழுத்து இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நானே அதைத் தப்புன்னு எதை வச்சு எழுதறது?”

“கல்லை வச்சு எழுதுங்க சார்.”

“கல்லு கம்பெனிக்குள்ள இருக்கு. என் மேஜைக்கு வராதே.”

“அது கபரு சார். ஒருத்தி படுத்திருந்த இடம். அதுமேல உக்காந்து அமெரிக்கா போறானுங்க.”

சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை பச்சைமுத்து அங்கே போய் மேனேஜரைப் பார்க்கட்டும். தான் வீட்டில்தான் இருப்பார். அங்கிருந்து போன் செய்தால் மேனேஜரிடம் தானே பேசி நிறுத்துவார். திங்கட்கிழமை, படி கைக்கு வந்ததும், அது பதிவான கபர்க் கல், தொடக் கூடாது என்று முறைப்படி லெட்டர் தருவார். வீட்டு நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தெளிவான, அழகான கையெழுத்து.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பச்சைமுத்து விசிட்டர் பேட்ஜைக் குத்திக்கொண்டு அந்தப் புல்தரையில் நின்றார். தோளில் பழைய ஆபீஸ் பை. அதில் காகிதச் சுருள், குதிரைமுடிப் பிரஷ், துணிப்பந்து, மை டப்பா, வாளி.

எட்டு வருஷத்துக்குப் பிறகு கல்லைப் பார்த்தார். இரண்டு சிமெண்டுக் கட்டைகள்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அதன் பக்கங்களைக் கண்டார். கொடி இலை விட்டுப் பூ விட்டு ஓடியது. நடுவே எழுத்து, மண்ணுக்குள்ளேயே இருந்ததால் நேற்றுச் செதுக்கியதுபோல் கூர் மழுங்காமல் நின்றது. அவர் பார்த்த நாற்பதில் ஒன்றுகூட இவ்வளவு சுத்தமில்லை. மேலே, சிலேட்டின் சட்டத்துக்குள், யாரோ டீக் கப் வைத்து எடுத்த வட்டம். விளக்கு எண்ணெய்ப் பிசுக்கேறிப் பளபளத்தது. அத்தனை பேர் தடவியிருக்கிறார்கள். அந்த விரல்களில் ஒன்றுகூட நாலு அங்குலம் கீழே இறங்கி, இது என்ன எழுத்து என்று கேட்கவில்லை. எல்லாரும் காலேஜ் படித்தவர்கள்.

கல்லுக்குப் பக்கத்தில் பாலிஷ் மெஷினை இறக்கிவைத்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவர் பெயர் நாகேஷ். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்தார். ரகுராம்; தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். மமதாவின் மாமனார் என்று தெரிந்ததும் சார் போட்டுப் பேசினார். நடந்ததையெல்லாம் பச்சைமுத்து சொன்னார். பேனாப் பெட்டி, சிலேட்டு, விளக்கு, குழியோரத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவி, எல்லாம். ரகுராம் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

“சார், நாங்க டேமேஜ் பண்ணலையே. இம்ப்ரூவ்தான் பண்றோம்.”

“உங்க பாட்டி சமாதியை இம்ப்ரூவ் பண்ணுவீங்களா தம்பி?”

ரகுராமின் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. அதுவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலும். கல்லுக்கு பில் இருக்கிறது, அரசாங்க லிஸ்டில் இது வெறும் பலகை என்றுதான் இருக்கிறது, நாகேஷ் இன்று விட்டால் மறுபடி வரமாட்டார், லெட்டர் ஏதாவது உண்டா என்றார். லெட்டர் திங்கட்கிழமை வரும், இப்போது அதிகாரியே போனில் பேசுவார் என்று பச்சைமுத்து சொன்னார்.

“பேசட்டும் சார். அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நிறுத்திடறேன். என் தலையில வச்சுக்க முடியாது, அவ்வளவுதான்.”

ரிசப்ஷன் ஜன்னல் கல்லுக்கு நேரெதிரே இருந்தது. மமதா உள்ளே போய்ச் சீட்டைப் பார்த்து நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, அறுந்தது. மறுபடி போட்டாள்.

நாகேஷ் மெஷினை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்டதும் பச்சைமுத்து வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டக் குழாய்க்கு ஓடினார். போன் வருகிற வரைக்குமாவது படியெடுத்துக்கொள்கிறேன் என்றார். ரகுராம் கடிகாரத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரமாகும்? காகிதம் காய்கிற நேரம்தான் என்றார் பச்சைமுத்து.

“சரி சார். காயற வரைக்கும். ஈரப் பேப்பர் மேல மெஷின் வைக்க வேணாம், நாகேஷ்.”

“நானு எப்ப வச்சேன் சார், கரென்ட் அடிக்கும்” என்று நாகேஷ் புல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். “தாத்தா, காஞ்சதும் கூப்பிடு.”

பச்சைமுத்து கல்லைக் கழுவினார். டீக் கப் வட்டத்தை இரண்டு தடவை தேய்த்தார். தலைப்பக்கம், கால்பக்கம், இரண்டு நீளப் பக்கம், நாலிலும் ஊறிய காகிதத்தை ஒட்டி, குதிரைமுடிப் பிரஷ்ஷால் தட்டத் தொடங்கினார். கை மறந்துவிடவில்லை. காகிதத்துக்கு அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நெட்டை, வளைவு, புள்ளி. இதில் எந்த இடத்தில் அவள் பெயர் இருக்கிறதோ. பக்கங்கள் முடிந்ததும் ஒரு கணம் நின்று யோசித்தார். பிறகு மிச்சமிருந்த காகிதம் முழுவதையும் நனைத்து, எழுத்தே இல்லாத மேல்பலகை மீதும் விளக்கின் மீதும் போர்த்தினார். முப்பத்துமூன்று வருஷத்தில் எழுத்தில்லாத இடத்தில் அவர் ஒரு சாண் காகிதம் செலவழித்ததில்லை.

அப்போதுதான் சிக்கல் அவருக்குப் புரிந்தது. மையை ஒற்ற வேண்டுமென்றால் காகிதம் காய வேண்டும். ஈரத்தில் ஒற்றினால் எல்லாம் ஒரே கறுப்பாக ஊறிப்போகும், எழுத்து நிற்காது. காயவிட்டால் நல்ல படி கிடைக்கும். அந்தப் படியை உரித்த மறுநிமிஷம் மெஷின் கல்லில் ஏறும். மார்ச் மாத வெயில், பத்தரை மணி. பதம் வர அரை மணிகூட ஆகாது.

ஜன்னலில் மமதா உதட்டைப் பிதுக்கினாள். “எடுக்கல மாமா. வெளிய போயிருப்பாரோ?”

“வீட்லதான் இருக்கேன்னார். போடும்மா.”

ஒருவேளை குளிக்கிறார். ஒருவேளை கோயிலுக்குப் போயிருக்கிறார். ஒருவேளை போனுக்குப் பக்கத்திலேயே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மணியை எண்ணிக்கொண்டிருக்கிறார். எடுத்துப் பேசினால், எட்டு வருஷம் முன்னால் போட்ட கையெழுத்து தப்பு என்று வாயால் சொல்ல வேண்டும். ஓய்வுக்கு நாலு மாதம். பச்சைமுத்துவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானும்தானே சொன்னேன், எழுத்து இல்லை என்று முதலில் சொன்ன வாய் என் வாய்தானே, நான் இங்கே வெயிலில் நிற்கவில்லையா என்று அந்த மல்லேஸ்வரம் வராந்தாவைப் பார்த்து மனசுக்குள் கத்தினார்.

ரகுராம் நிழலிலிருந்து இறங்கி வந்து, தலைப்பக்கத்துக் காகிதத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. அதுதான் பதம். மை டப்பா திறந்து கிடந்தது. துணிப்பந்து பச்சைமுத்துவின் வலக்கையில் இருந்தது. இந்த நிமிஷம் ஒற்றினால் பிஸ்மில்லாவும் அதற்கடுத்த வரியும் வந்துவிடும். அடுத்த கால்மணியில் மற்ற மூன்று பக்கமும் வந்துவிடும். பெயரும் வந்துவிடும். பிறகு கல் போய்விடும். அவ வரணும் என்று கிழவி சொன்னாள்.

“ஆயிடுச்சு போல இருக்கே சார்?” என்றார் ரகுராம்.

பச்சைமுத்து துணிப்பந்தை டப்பாவில் போட்டு மூடினார். வாளியில் கையை விட்டு, தலைப்பக்கத்தில் தண்ணீரை அள்ளி இறைத்தார். பிறகு கால்பக்கம். பிறகு நீளப் பக்கம் இரண்டும். பிறகு மேலே.

“இன்னும் ஈரம் இருக்கு தம்பி” என்றார்.

நாகேஷ் அவரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், இன்னொரு பீடியை எடுத்தார். ரகுராம் ஜன்னலைப் பார்த்தார். மமதா ஏழாவது தடவையாக நம்பரைப் போட்டிருந்தாள். மல்லேஸ்வரத்தில் மணி அடிக்கிற சத்தம் புல்தரைவரைக்கும் கேட்டது. பச்சைமுத்து காலி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது.